கொமட் சீட்டில் ஏறிய கறையும் அம்மாவின் எலுமிச்சங்காயும்

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் மடங்காமல் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கொமட் வந்தது. 31 வருடம் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்கள். குந்தியிருக்கும் கக்கூஸில் உட்கார்ந்துவிட்டால் எழும்ப முடியாது. உள்ளே இருந்து "தம்பி" என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று சத்தமாகவும் கூப்பிட மாட்டார். மெதுவாக, இரண்டு மூன்று தரம். நான் போய்த் தூக்கிவிடுவேன். அந்த நேரத்தில் அம்மா என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

அதனால், ஒரு கொமட் சீட்டைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் பிடித்தது. வாசிப்பவர்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது நோர்வூட் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்தில் இருந்த காலத்தில் ஆறு காம்பராவுக்கு இரண்டு கக்கூஸ். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த பிறகுதான் எங்களுக்கென்று ஒன்று. அதுவும் குந்தும் வகை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் தம்பி, 2024 கடைசியில், முதலாளி வீட்டில் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று சொல்லி, கழற்றிப் போட்ட கொமட்டையும் சீட்டையும் ஒரு லொறியில் ஏற்றி அனுப்பினான். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆகியிருந்த நேரம் அது. ஹட்டன் கடையில் புது சீட்டு மட்டும் விலை கேட்டதில் மூன்று நாள் சம்பளத்துக்கு மேல் சொன்னார்கள். ஆகவே பழைய சீட்டு வந்தது பெரிய உதவி. ஆனால் அதைப் பூட்டும் நட்டையும் போல்ட்டையும் தம்பி அனுப்ப மறந்துவிட்டான். நான் பக்கத்துக் கடையில் சாதாரண இரும்பு போல்ட் இரண்டு வாங்கி மாட்டினேன். பாதிக் கறை அந்த இரண்டு போல்ட்டிலிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கொமட் பீங்கான் என்பதால் கழுவியதும் வெளுத்துவிட்டது. சீட்டு பிளாஸ்டிக். வரும்போதே முன்பக்க அடியில் மஞ்சள் படிவு இருந்தது. தென்மேல் பருவக்காற்று தொடங்கிய மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். கழுவிய தண்ணீர் சீட்டில் நாள் முழுக்கக் காயாது. ஆகஸ்ட் வரும்போது சீட்டில் மூன்று நிறம்: அடியில் மஞ்சள், போல்ட் பூட்டிய இடத்தைச் சுற்றிச் செம்பழுப்பு, மூட்டு இடுக்குகளில் கறுப்புப் புள்ளி.

பண்டாரவளையிலிருந்து சின்னம்மா அம்மாவைப் பார்க்க வந்தார். அவர் கக்கூஸுக்குப் போக எழுந்தபோது அம்மா, "இரு, இரு" என்று சொல்லி, சுவரைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், சீட்டின்மேல் ஒரு பழைய துணியை விரித்துவிட்டு வந்தார். அதைப் பார்த்த அன்று இரவே சாம்பலும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதுதான் நான் செய்த முதல் பிழை. சாம்பலும் தும்பும் பித்தளைக்கும் அலுமினியச் சட்டிக்கும் சரி. பிளாஸ்டிக்கில் அது கீறிவிடும். கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கலாம், ஆனால் அடுத்த கறை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்து முடித்தபோது சீட்டின் மினுக்கம் போய்விட்டது. மஞ்சள் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. இரண்டு வாரத்தில் முன்பைவிட வேகமாகத் திரும்ப ஏறியது. கம்பிச் சுருளால் தேய்த்தாலும் இதே கதிதான். எந்தப் பிளாஸ்டிக் சீட்டிலும், கறை எவ்வளவு பழையதாக இருந்தாலும், கம்பியும் மணலும் சாம்பலும் வேண்டாம்.

இரண்டாவது, போனில் பார்த்த முறை. அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் வினாகிரியை ஊற்றினால் பொங்கும், கறை கழன்று வரும் என்று சொன்னார்கள். பொங்கியது. பார்க்க நம்பிக்கையாகத்தான் இருந்தது. கழுவிப் பார்த்தால் கறை அப்படியே இருக்கிறது. 11 ஆம் தரம் படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, அது நடுநிலையாக்கம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முடிச்சிரும். பொங்குறது காபனீரொட்சைட்டு வாயு. மிஞ்சுறது உப்புத் தண்ணிதான்" என்றாள். விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னது சரி. வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலம் கறையைக் கரைக்க வேண்டியது. அதை நாமே சோடாவைப் போட்டுச் செலவழித்துவிடுகிறோம். அடைத்த குழாயில் அந்தப் பொங்கல் குப்பையைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கலாம். தட்டையான சீட்டில் அதனால் பலன் இல்லை. வினாகிரியும் நல்லது, சோடாவும் நல்லது. ஆனால் ஒன்றாக அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் கழுவி.

மூன்றாவது செய்தது பிழை என்று சொல்வது போதாது, ஆபத்து. குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்துச் சீட்டில் பூசி விட்டிருந்தேன். கறுப்புப் புள்ளிகள் மங்கின. ஆனால் போல்ட்டைச் சுற்றியிருந்த செம்பழுப்பு இன்னும் கருத்தது. இரும்புக் கறைக்குக் குளோரின் ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது துருவை இன்னும் துருவாக்கிப் பதிய வைக்கும். கறை போகவில்லை என்ற ஆத்திரத்தில், அதைக் கழுவாமலே, மலசலகூடம் கழுவ விற்கும் அமிலத் திரவத்தை அதன்மேல் ஊற்றினேன். ஒரு மூச்சு இழுப்பதற்குள் தொண்டை இறுகியது. கண் எரிந்தது. குளோரினோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எங்கள் கக்கூஸுக்கு இருப்பது ஒரு சாண் ஜன்னல். கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடி, அடுத்த அறையில் படுத்திருந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. எனக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். குளோரினோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. கடையில் விற்கும் அமிலத் திரவம் மட்டுமல்ல, வினாகிரியும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான். சிறுநீர் தேங்கிய இடத்தில் குளோரினை நேராகக் கொட்டுவதும் கூடாது. சிறுநீரில் உண்டாகும் அமோனியாவோடு சேர்ந்து அதுவும் நெஞ்சை அடைக்கும் வாயுவைக் கொடுக்கும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நெஞ்சு எரிந்தாலோ மூச்சு வாங்கினாலோ வெளிக் காற்றுக்குப் போய்விட்டு, குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தபடியே அம்மா கேட்டார். "எத்தன நாளைக்குத்தான் தேய்ப்ப? கறைய யாராவது தேய்ப்பாங்களா? ஊற வைக்கணும்."

அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொழுந்து பறிக்கிற கையில் கறை ஏறும். இலைச் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து, விரல் வெடிப்புகளுக்குள் போய்விடும். எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. கலியாணம், திருவிழா என்றால் முதல் நாள் இரவு என்ன செய்வார்கள் என்று அம்மா சொன்னார். பிழிந்த எலுமிச்சங்காய் மூடிகளை விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்களாம். "காலைல பாத்தா விரல் சின்னப்புள்ள விரல் மாதிரி இருக்கும். தேய்ச்சா தோல்தான் போகும், கறை போகாது."

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் தெளிந்தது. அமிலம் சரியான பொருள். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அது காயாமல் கறையோடு ஒட்டியிருக்க வேண்டும். நான் இவ்வளவு நாளும் ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, தேய்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அது எங்கள் மலைக்கே உரியது. போனில் சொல்கிறவர்கள் 20 நிமிடம் ஊறட்டும் என்பார்கள். அது கொழும்பு மாதிரி 30 பாகை வெப்பம் உள்ள இடத்துக்கு. வெப்பம் 10 பாகை குறைந்தால் பெரும்பாலான வேதித் தாக்கங்களின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் இரவு 15 பாகைக்குக் கீழேயும் போகும். அவர்களுக்கு 20 நிமிடம் என்றால் எங்களுக்கு ஒரு மணி நேரம். பழைய கறை என்றால் ஓர் இரவு. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் வினாகிரியில் ஒன்றும் ஆகாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, கடைசியில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் கறையைத் தொட்டுப் பார்த்தேன். கையுறை இல்லாதவர்கள் கையில் ஒரு சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். சொரசொரப்பாக, பொருக்கு மாதிரித் தட்டுப்பட்டால் அது சிறுநீர் உப்பு. சிறுநீர் காய்ந்து நாள்படும்போது கிருமிகள் அதிலிருந்து அமோனியாவை உண்டாக்கும். அப்போது அதில் இருக்கும் கல்சியம், பொசுபேற்று எல்லாம் உப்பாகப் படிந்துவிடும். இது அமிலத்துக்குக் கரையும். செம்பழுப்பாக, ஓர் ஆணியிலிருந்தோ போல்ட்டிலிருந்தோ வழிந்த தடம் மாதிரி இருந்தால் துரு. அதுவும் அமிலத்துக்குத்தான், அதிலும் எலுமிச்சைக்கு. புள்ளி புள்ளியாகக் கறுப்பு என்றால் பூஞ்சணம். அதற்கு அமிலம் முக்கியமில்லை, காய்ச்சல்தான் முக்கியம். வெயிலும் காற்றும் படும் காய்ச்சலைச் சொல்கிறேன். இந்த மூன்றும் இல்லாமல், வழுவழுப்பாக, சீட்டு முழுக்கச் சீராக மஞ்சளித்திருந்தால் அது கறையே இல்லை. பிளாஸ்டிக் பழசாகி நிறம் மாறிவிட்டது. அதை வெளுக்கப் பாடுபட வேண்டாம். சுத்தமாக இருந்தால் போதும்.

பிறகு சீட்டைக் கழற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கொமட்டின் பின்பக்கம் அடியில் கையை விட்டால் இரண்டு நட்டு தட்டுப்படும். பிளாஸ்டிக் நட்டு என்றால் கையாலேயே திருகலாம். என்னுடையது துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுத்து, குறடால் பிடித்துத் திருப்பினேன். கழற்றிய பிறகுதான் போல்ட் போகும் ஓட்டைக்குக் கீழே இத்தனை அழுக்கு இருக்கிறதா என்று தெரிந்தது. கழற்றாமல் கழுவுகிற எவரும் அந்த இடத்தைக் கழுவுவதில்லை. நாற்றம் போகவில்லை என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும்.

சீட்டை வெளியே கொண்டுபோய், கைக்குப் பொறுக்கிற சுடுதண்ணீரில் சவுக்காரம் கரைத்து, பழைய துணியால் நன்றாகக் கழுவினேன். இந்த வேலையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உடம்பில் இருக்கும் எண்ணெய்ப் பசை சீட்டில் மெல்லிய படையாக ஏறியிருக்கும். அது இருக்கும்வரை அமிலம் கறையைத் தொடாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

அப்புறம் வினாகிரி. ஒரு போத்தலை அப்படியே வாளிச் சுடுதண்ணீரில் நிறுத்தி இளஞ்சூடாக்கினேன். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். பழைய சாரத்தைக் கீலம் கீலமாகக் கிழித்து, வினாகிரியில் நனைத்து, கறை இருக்கும் இடமெல்லாம் ஒட்டினேன். டிஷ்யூத் தாளும் நன்றாக ஒட்டும். அதன்மேல் சொப்பிங் பேக்கைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அம்மா விரலில் துணி கட்டிக்கொண்டு படுத்த அதே வேலைதான், காயாமல் இருப்பதற்கு. பொதியை அடுப்பங்கரையில், நெருப்புக்கு எட்டாத மூலையில், ஒரு பழைய பேசினுக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். பேசின் எதற்கு என்றால், எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெந்துப் பாலிஷ். வினாகிரியோ எலுமிச்சையோ சொட்டினால் சிமெந்தை அரித்து வெள்ளைத் திட்டு விழும். அதை மறுபடி எடுக்க முடியாது.

இரவில் கக்கூஸுக்குப் போக அம்மாவுக்குச் சீட்டு வேண்டுமே என்று யாராவது கேட்கலாம். வெறும் பீங்கான் விளிம்பில் உட்கார்வது குளிர், வழுக்கவும் செய்யும். அந்த ஓர் இரவுக்கு நான் கூடப் போனேன்.

விடிந்ததும் பிரித்துப் பார்த்தோம். மஞ்சள் பொருக்கு அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி இளகியிருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் அப்பச்சோடாவை எடுத்தேன். இரண்டு தேக்கரண்டி சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக, வட்டமாகத் தேய்த்தேன். சோடாத் தூள் மிருதுவானது, பிளாஸ்டிக்கைச் சாம்பல்போலக் கீறாது. அடியில் இருக்கும் ரப்பர்க் குமிழ்களைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு அடுத்த இரவும் அதே மாதிரி ஊற வைத்தேன்.

துருவுக்கு எலுமிச்சங்காய். கடையில் தேசிக்காய் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள், எங்கள் வீட்டில் எலுமிச்சங்காய். அதில் இருக்கும் சித்திரிக் அமிலம் இரும்பைப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். வினாகிரியைவிடத் துருவுக்கு இது நல்லது. துருத் தடத்தின்மேல் உப்பைத் தூவி, சாற்றைப் பிழிந்து, பிழிந்த மூடியையே அதன்மேல் கவிழ்த்து வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் உப்பு மஞ்சளாகியிருந்தது. கழுவிவிட்டு மறுபடி. மூன்றாம் தரத்தில் தடம் இருந்த இடம் தெரியவில்லை. எலுமிச்சை இல்லாத நாளில் புளியைக் கரைத்தும் செய்யலாம், குத்துவிளக்குக்குப் போடுவது போல. ஆனால் புளியின் நிறமே ஏறிவிடாமல் உடனுக்குடன் கழுவ வேண்டும். மினுங்கும் உலோக மூட்டு உள்ள சீட்டு என்றால் அமிலம் அந்த உலோகத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது, மினுக்கம் போய்விடும்.

பூஞ்சணத்துக்குக் கடைசியில் குளோரின்தான். ஆனால் அமில வேலை எல்லாம் முடிந்து, சீட்டை மூன்று நாலு தண்ணீரில் கழுவி, அடுத்த நாள். மிகவும் நீர்த்தது, பத்து நிமிடம், கதவு திறந்தபடி. பிறகு திரும்பக் கழுவி, கூரைக்குக் கீழே காற்றுப்படுகிற இடத்தில் தொங்கவிட்டேன். அதிர்ஷ்டத்துக்கு அன்று இரண்டு மணி நேரம் வெயில் வந்தது. குளோரின் வேண்டாம் என்கிறவர்கள் பாமசியில் புண் கழுவ விற்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பூசலாம். அது மூச்சுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் அதையும் வினாகிரியோடு கலக்க வேண்டாம்.

அம்மா மாதிரி வயதானவர்களின் தோல் மெல்லியது. அமிலமோ குளோரினோ கொஞ்சம் மிச்சமிருந்தாலும் எரியும், புண்ணாகும். ஆகவே மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர், அப்புறம் உலர்ந்த துணி.

கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்ற வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கான் போய்ச் சேருவது பணிய லயத்துக்காரர்கள் தண்ணீர் எடுக்கிற ஓடைக்கு. மேலே இருப்பவர்கள் ஊற்றுவதைக் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் கொமட்டுக்குள்ளேயே ஊற்றினேன், குளோரின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே தரத்தில் நிறையக் குளோரின் போனால் குழிக்குள் மலத்தை மக்க வைக்கும் கிருமிகளும் செத்துவிடும்.

சீட்டு வெளுத்த பிறகு கொமட்டுக்குள் இருந்த கறுப்பு வளையம் கண்ணை உறுத்தத் தொடங்கியது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில், நீலம் கலந்த கறுப்பு. பூஞ்சணம் என்று நினைத்துக் குளோரின் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இதையும் வீட்டில் எல்லாரும் கூடி யோசித்துத்தான் கண்டுபிடித்தோம். எங்களுக்கு வரும் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து பழைய இரும்புக் குழாயில் வருகிறது. வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் செம்மண் மாதிரிப் படியும், இரும்பு. அந்த வாளித் தண்ணீரையே கொமட்டுக்கு ஊற்றுகிறோம். அதோடு, அம்மாவுக்குக் காலையில் கொடுக்கும் தேத்தண்ணியில் மிஞ்சுகிற சாயத்தையும் சக்கையையும் என் மனைவி கொமட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வடிகட்டிய சக்கை கானை அடைத்துவிடும் என்று. தேயிலையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் வைத்து எழுத்து மை செய்தது இப்படித்தான். நாங்கள் தினமும் கொமட்டுக்குள் மை காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்கும் மருந்து எலுமிச்சைதான், மையை அமிலம் பிரித்துவிடும். கொமட்டில் நிற்கும் தண்ணீரைக் கோப்பையால் இறைத்துக் குறைத்துவிட்டு, வளையத்தைச் சுற்றிச் சாற்றில் நனைத்த துணியை ஒட்டி, ஒரு பகல் முழுக்க விட்டேன். தண்ணீரை இறைக்காமல் சாற்றை ஊற்றினால் அது நீர்த்துப்போய்ப் பயன்படாது. சக்கை இப்போது வீட்டுக்குப் பின்னால் ரோசாச் செடிக்குப் போகிறது. கக்கூஸுக்கு ஊற்றும் தண்ணீரை முந்தின நாளே ஒரு திறந்த பரலில் நிரப்பி வைக்கிறோம். காற்றுப்பட்டு இரும்பு துருவாகி அடியில் தங்கிவிடும், மேல் தண்ணீரை மட்டும் அள்ளுகிறோம். வாரத்துக்கு ஒரு முறை பரலைக் கவிழ்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடாமல் ஒரு பழைய நுளம்பு வலைத் துண்டை மேலே கட்டியிருக்கிறோம்.

சீட்டை மறுபடி பூட்ட இரும்பு போல்ட் போடவில்லை. துருப்பிடிக்காத வகை ஒரு சோடி ஹட்டனில் வாங்கினேன். விலை கூடத்தான், ஆனாலும் வாங்கினேன். மரச் சீட்டு, அதாவது மரத்தூள் பலகைக்குமேல் பெயின்ட் அடித்தது இருக்கிறவர்கள் நான் செய்ததுபோல இரவு முழுக்க ஊற வைக்க வேண்டாம். பெயின்ட் வெடித்த இடத்தால் ஈரம் போய்ப் பலகை ஊதிவிடும். பத்து நிமிடம் வைத்துத் துடைத்து, தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் இதற்குப் பத்து நிமிடம். சவுக்காரத் தண்ணீர், பிறகு வினாகிரித் துணியால் ஒரு துடை, தண்ணீர், உலர்ந்த துணி. கறை புதிதாக இருக்கும்போது இதுவே போதும். மாதத்துக்கு ஒரு தரம் கழற்றிக் கழுவுகிறேன். குளித்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து, சீட்டைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்பது மகளின் பொறுப்பு. மழைக்காலத்தில் அவள் ஒரு நாள் மறந்தாலும் மூட்டு இடுக்கில் புள்ளி எட்டிப் பார்க்கும்.

தைப்பொங்கலுக்குச் சின்னம்மா மறுபடி வந்தார். அவர் கக்கூஸுக்குப் போக எழுந்தபோது அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, "லைட் சுவிட்சு வெளிப்பக்கம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் தம்பி பேசினான். அவன் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு கொமட்டைக் கழற்றுகிறார்களாம். மேட்டு லயத்துப் பெரியம்மாவுக்கும் இப்போது கால் மடங்குவதில்லை. கொண்டுவரச் சொன்னேன். சீட்டு எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, நட்டையும் போல்ட்டையும் கழற்றி ஒரு பையில் போட்டு, அந்தச் சீட்டிலேயே கட்டி அனுப்பு என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.